ஓடும் பருப்பும்: கணினியின் உள்ளே ஒரு பாடம்



சில ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளியின் பொருளறையில் நான்கு பழைய கணினிகள் தூசு படிந்து கிடந்தன. புதிய இயங்குதளம் இவற்றில் ஓடாது என்று பழுதுபார்க்க வந்தவர் கூறிவிட்டார். அவற்றைக் கழித்துவிடுவதற்கான படிவத்தையும் நான் நிரப்பி வைத்திருந்தேன். அவ்வேளையில் நம் முன்னாள் மாணவர் ஒருவர் என்னைக் காண வந்தார். சட்டைப் பையிலிருந்து சுண்டுவிரல் அளவுள்ள ஒரு பென்டிரைவை எடுத்துப் பொருத்தினார். ஒரு மணி நேரத்திற்குள் முதற் கணினி உயிர் பெற்றது.

"இதற்கு லினக்ஸ் என்று பெயர் ஐயா. விலை கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்தும் பார்க்கலாம்" என்றார்.

மறுநாள் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் அக்கணினியில் கட்டுரை தட்டச்சுச் செய்துகொண்டிருந்தான். அதே வேளையில் பாடலும் ஒலித்தது. திரையின் மூலையில் கடிகாரமும் நகர்ந்தது. அவன் என்னை நிமிர்ந்து பார்த்து, "ஐயா, இதுக்குள்ளே எத்தனை பேர் வேலை செய்யிறாங்க?" என்று கேட்டான்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனெனில் எனக்கு விடை தெரியவில்லை. "அடுத்த வாரம் சொல்கிறேன்" என்றேன். அந்த அடுத்த வாரம் வருவதற்கு எட்டு மாதங்கள் ஆயின. அதற்குள் அவன் இடைநிலைப்பள்ளிக்குச் சென்றுவிட்டான். அவனுக்கு நான் பட்ட கடனைத் தீர்க்கவே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

இயங்குதளம் என்பது யாது?

கணினியைத் திறந்து பார்த்தால் மூன்று முக்கிய உறுப்புகளைக் காணலாம். கணக்கிடுவது மையச் செயலி. வேலை நடக்கும்போது எழுதிப் பார்க்கும் கரும்பலகை போன்றது நினைவகம். மின்சாரம் நின்றாலும் எழுதியதைக் காத்து வைத்திருப்பது வட்டு. இவற்றோடு விசைப்பலகை, திரை, ஒலிபெருக்கி ஆகியனவும் உண்டு. இவை யாவும் வெறும் பொருள்களே. இவற்றை ஒழுங்குபடுத்தி, யார் எதை எப்போது பயன்படுத்தலாம் என்று வகுத்துத் தரும் நிரல்களின் தொகுதியே இயங்குதளம் ஆகும்.

அதன் நடுவே இருக்கும் பகுதியைக் கெர்னல் என்பர். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டமொன்றில் இச்சொல்லை நான் விளக்க முற்பட்டுத் தடுமாறினேன். அப்போது செம்பனை ஆலையில் வேலை செய்யும் தந்தை ஒருவர் எழுந்து, "கெர்னலா? அதைத்தானே ஐயா நாங்க தினமும் உடைச்சு எடுக்கிறோம்" என்றார். அவர் சொன்னது முற்றிலும் உண்மை. செம்பனைப் பழத்தின் சதையைப் பிழிந்தால் ஒருவகை எண்ணெய். உள்ளிருக்கும் கொட்டையை உடைத்தால் ஓடு தனியாகும், பருப்புத் தனியாகும். அந்தப் பருப்புக்கு ஆங்கிலத்தில் கெர்னல் என்றே பெயர். ஓட்டுக்கு ஷெல் என்று பெயர்.

கணினிக்கும் அதே இரண்டு சொற்கள்தாம். நாம் தட்டச்சுச் செய்யும் கட்டளையை வெளியே நின்று வாங்கும் நிரல் ஓடு. உள்ளே இருந்து உண்மையில் வேலையை நடத்துவது பருப்பு. அன்று முதல் நானும் இவ்விரு சொற்களையே வழங்கி வருகின்றேன்.

விடியற்காலைப் பெரட்டு

தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு நடக்கும். யார் வந்தார், யார் வரவில்லை என்று பார்த்த பின்னரே வேலை பிரித்துக் கொடுக்கப்படும். கணினியின் பொத்தானை அழுத்தியதும் நடப்பதும் இதுவே.

முதலில் கணினியின் பலகையில் நிலையாகப் பதிந்துள்ள ஒரு சிறு நிரல் விழித்துக்கொள்கிறது. அது வட்டிலிருந்து பருப்பை நினைவகத்திற்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. பருப்பு எழுந்தவுடன் பெயர் கூப்பிடத் தொடங்குகிறது. நினைவகம் எவ்வளவு உள்ளது? மையச் செயலிகள் எத்தனை? விசைப்பலகை வந்ததா? வட்டு வந்ததா? எல்லாம் சரிபார்த்த பின், முதலாவது பணியைத் தொடங்கி வைக்கிறது. அதன் பதிவு எண் 1.

இங்கே ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். எழுதி வைக்கப்பட்ட கட்டளைகளின் தொகுதி நிரல். அந்நிரல் ஓடத் தொடங்கிவிட்டால் அதனைப் பணி என்போம். சமையற் குறிப்பு நிரல். அடுப்பில் கொதிக்கும் குழம்பு பணி. ஒரே குறிப்பைக் கொண்டு மூன்று அடுப்புகளில் சமைக்கலாம் அல்லவா? அவ்வாறே ஒரே நிரல் மூன்று பணிகளாகவும் ஓடலாம்.

ஓர் ஆசிரியர், மூன்று வகுப்பு

இனி அம்மாணவனின் கேள்விக்கு வருவோம். 1970களின் பிற்பகுதியில் நான் படித்த தோட்டப் பள்ளி ஒரே கூடம்தான். ஆசிரியர் ஒருவரே மூன்று வகுப்புகளை நடத்தினார். முதல் வகுப்புக்கு எழுத்து எழுதக் கொடுப்பார். இரண்டாம் வகுப்புக்குக் கணக்கைக் கரும்பலகையில் எழுதுவார். மூன்றாம் வகுப்பை வாசிக்கச் சொல்வார். ஒரு வகுப்பை விட்டு நகரும்போது, நிறுத்திய வரியில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போடுவார். திரும்பி வரும்போது அக்கோட்டிலிருந்தே தொடர்வார். எந்த வகுப்பும் தான் கைவிடப்பட்டதாக எண்ணியதில்லை.

மையச் செயலியும் அவ்வாசிரியரைப் போன்றதே. ஒரு நேரத்தில் அது ஒரு பணியைத்தான் செய்யும். ஆனால் கணினிக்குள் ஒரு மணி இடைவிடாது அடித்துக்கொண்டிருக்கிறது. மணி அடித்ததும் பருப்பு குறுக்கிட்டு, ஓடிக்கொண்டிருந்த பணி எந்த இடத்தில் நின்றது, அதன் கையில் இருந்த எண்கள் யாவை என்பதையெல்லாம் குறித்து வைக்கிறது. பிறகு காத்திருக்கும் மற்றொரு பணியை அழைத்து, அது முன்பு நின்ற இடத்திலிருந்து தொடரச் செய்கிறது. இந்த மாற்றம் ஒரு நொடிக்குள் பலமுறை, பெரிய கணினிகளில் ஆயிரக்கணக்கான முறை, நடைபெறுகிறது. நம் கண்ணுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் நடப்பதாகத் தோன்றுகிறது.

இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, மணியின் கட்டுப்பாடு பருப்பிடம் உள்ளது. ஆகவே எந்தப் பணியும் முரண்டு பிடித்து மையச் செயலியைத் தனக்கே வைத்துக்கொள்ள இயலாது. இரண்டாவது, எழுத்து விசை அழுத்தப்படும் வரை காத்திருக்கும் பணி, விழித்திருந்து நேரத்தை வீணாக்குவதில்லை. அது உறங்குகிறது. விசை அழுத்தப்பட்டதும் பருப்பு அதனை எழுப்புகிறது.

அந்தப் பழைய கணினியில் மையச் செயலிகள் இரண்டு இருந்தன. ஓடுகின்ற பணிகளை ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். 160க்கு மேல் இருந்தன. ஆகவே, தம்பி, உன் கேள்விக்கு விடை இதுதான்: உள்ளே வேலை செய்பவர் இருவர், முறைவைத்துக் காத்திருப்பவர் நூற்றுக்கு மேற்பட்டோர், பெரும்பாலோர் உறங்குகின்றனர்.

வீட்டு எண்ணும் பதிவேடும்

ஒவ்வொரு தோட்டத்திலும் முதலாம் எண் வீடு உண்டு. "முதலாம் எண் வீட்டில் கொடு" என்றால் எந்தத் தோட்டத்து வீடு என்று தெரிந்தாக வேண்டும். நினைவகத்திலும் இதே சிக்கல் எழுகிறது. ஒவ்வொரு பணியும் தன் இடங்களைத் தன் போக்கில் 0, 1, 2 என எண்ணுகிறது. இரு பணிகள் ஒரே நேரத்தில் "ஆயிரமாம் இடத்தில் எழுது" என்று சொன்னால் என்ன ஆகும்?

ஒன்றும் ஆகாது. ஏனெனில் பருப்பு ஒவ்வொரு பணிக்கும் ஒரு தனிப் பதிவேடு வைத்திருக்கிறது. நினைவகம் பெரும்பாலும் 4096 எழுத்து அளவுள்ள பக்கங்களாகப் பிரிக்கப்படுகிறது. இப்பணியின் இந்தப் பக்கம் உண்மையான நினைவகத்தின் எந்தப் பக்கத்தில் உள்ளது என்பதை அப்பதிவேடு காட்டும். மையச் செயலி ஒவ்வொரு முறையும் பதிவேட்டைப் பார்த்தே இடத்தைக் கண்டறிகிறது. பதிவேட்டில் இல்லாத இடத்தை ஒரு பணி தொட முயன்றால், பருப்பு அதனை நிறுத்திவிடும். பிற பணிகளுக்குத் தீங்கு நேராது. ஒரு வீட்டின் அடுப்பு அணைந்தால் லயம் முழுவதும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

அலுவலகச் சாளரம்

சம்பள நாளில் தொழிலாளர் யாரும் அலுவலகத்திற்குள் புகுந்து இரும்புப் பெட்டியைத் திறப்பதில்லை. சாளரத்தின் முன் நின்று தம் பெயரைச் சொல்வர். கிராணி ஏட்டைப் பார்த்து, உரியதை எண்ணிக் கொடுப்பார்.

ஒரு நிரலும் வட்டையோ திரையையோ தானாகத் தொட இயலாது. மையச் செயலியிலேயே இரு நிலைகள் அமைக்கப்பட்டுள்ளன. ஒன்று எல்லா உரிமையும் உள்ள நிலை. அது பருப்புக்கு உரியது. மற்றது உரிமை குறைந்த நிலை. அது பிற நிரல்களுக்கு உரியது. ஒரு நிரலுக்குக் கோப்பு வேண்டுமானால், "இந்தக் கோப்பைத் திறந்து கொடு" என்று குறிப்பிட்ட எண்ணுள்ள வேண்டுகோளை விடுக்கிறது. அப்போது மையச் செயலி உயர்ந்த நிலைக்கு மாறிப் பருப்புக்குள் நுழைகிறது. கேட்டவருக்கு உரிமை உண்டா என்று பருப்பு பார்க்கிறது. உண்டென்றால் கொடுக்கிறது; இல்லையென்றால் மறுக்கிறது. பிறகு பழைய நிலைக்குத் திரும்புகிறது.

லினக்ஸில் இத்தகைய வேண்டுகோள்கள் முந்நூறுக்கு மேல் உள்ளன. நான் பாடமாகப் படித்த சிறிய இயங்குதளம் ஒன்றில் 21 மட்டுமே. அவ்விருபத்தொன்றைக் கொண்டே நிரல்களை ஓட்டலாம், கோப்புகளை எழுதலாம், படிக்கலாம், அழிக்கலாம். அச்சிறிய இயங்குதளத்தைப் பற்றிப் பின்னர்க் கூறுவேன்.

தாயும் சேயும்

புதிய பணி எவ்வாறு பிறக்கிறது என்பதே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒரு பணி "என்னைப் பிரதி எடு" என்று வேண்டுகிறது. உடனே அதனைப் போலவே மற்றொரு பணி உண்டாகிறது. அதே நிரல், அதே நினைவு, நிற்கும் வரியும் ஒன்றே. வேறுபாடு ஒன்றுதான். தாய்க்குச் சேயின் பதிவு எண் விடையாகக் கிடைக்கிறது. சேய்க்கு 0 கிடைக்கிறது. அதைக் கொண்டே "நான் தாய்", "நான் சேய்" என்று அவை தம்மை அறிந்துகொள்கின்றன.

நாம் ஒரு கட்டளையைத் தட்டச்சுச் செய்யும்போது ஓடு இவ்வாறே செய்கிறது. தன்னைப் போல் ஒரு சேயை உண்டாக்குகிறது. அச்சேய் தாயிடமிருந்து பெற்ற நிரலைக் களைந்துவிட்டு, நாம் கேட்ட நிரலை ஏற்றுக்கொள்கிறது. தாய் காத்திருக்கிறது. சேய் வேலையை முடித்து, நன்றாக முடிந்ததா இல்லையா என்று ஓர் எண்ணால் தெரிவித்து மறைகிறது. தாய் அவ்வெண்ணைப் பெற்றுக்கொண்ட பிறகே சேயின் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்படுகிறது.

சேய் ஓடிக்கொண்டிருக்கும்போதே தாய் மறைந்துவிட்டால்? அப்போது முதலாவது பணி, எண் 1 உடையது, அச்சேயைத் தன் சேயாக ஏற்றுக்கொள்கிறது. இதை வகுத்தவர்கள் பதிவேட்டில் இடம் வீணாகக் கூடாது என்றே வகுத்தனர். ஆயினும் யாரையும் அனாதையாக விடாத அந்த ஏற்பாட்டைப் படித்த இரவில் நான் சிறிது நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

பெயர் வேறு, பொருள் வேறு

நம் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. வீட்டில் உன்னைச் "சின்னக்குட்டி" என்று அழைக்கலாம். பள்ளியில் முழுப் பெயரால் அழைக்கலாம். இரு பெயரும் ஒரே பிள்ளையையே குறிக்கும்.

வட்டில் உள்ள கோப்புக்கும் இவ்வாறே ஓர் எண் உண்டு. அவ்வெண்ணுக்குரிய குறிப்பில் கோப்பின் அளவு, அது வட்டின் எந்தெந்தக் கட்டங்களில் எழுதப்பட்டுள்ளது என்பன இருக்கும். கோப்பின் பெயர் அங்கே இராது. பெயர்கள் கோப்புறையில் இருக்கின்றன. கோப்புறை என்பது "இந்தப் பெயருக்கு இந்த எண்" என்று எழுதிய பட்டியலே. ஆகவே ஒரு கோப்புக்கு இரண்டு பெயர்கள் இருக்கலாம். ஒரு பெயரை அழித்தால் கோப்பு அழியாது. கடைசிப் பெயரும் அழிந்து, அதனைத் திறந்து வைத்திருக்கும் பணிகளும் முடிந்த பின்னரே அதன் இடம் பிறருக்குக் கொடுக்கப்படும்.

பூட்டிய நூலும் திறந்த நூலும்

இவற்றையெல்லாம் எங்கே கற்றேன் என்று கேட்பீர்கள். முதலில் லினக்ஸின் மூல நிரலையே திறந்தேன். இன்று அது 30 மில்லியன் வரிகளுக்கு மேல் உள்ளது. ஒரு மாதம் அதில் அலைந்து, ஒன்றும் விளங்காமல் மூடினேன். "சின்னதிலிருந்து தொடங்குங்கள் ஐயா" என்று நம் முன்னாள் மாணவர் எக்ஸ்வி-6 என்னும் கற்பித்தல் இயங்குதளத்தைக் காட்டினார். அது 10,000 வரிகளுக்கும் குறைவு. அதன் வரலாற்றைப் படித்தபோதுதான், இது ஆசிரியர்களின் கதை என்பது புரிந்தது.

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தைத் தொடங்கினர். அதன் ஆறாம் பதிப்பு 1975இல் வெளிவந்தது. பல்கலைக்கழகங்களுக்கு மூல நிரலோடு அது கிடைத்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த ஜான் லயன்ஸ், 1976இல் அதன் பருப்பின் மூல நிரலைத் தம் மாணவருக்காக அச்சிட்டு, அதற்கு விளக்கவுரையும் எழுதினார். மூலமும் உரையுமாகக் கற்பது நம் மரபுக்கும் புதிதன்று.

ஆனால் 1979இல் ஏழாம் பதிப்பு வந்தபோது, மூல நிரலை வகுப்பறையில் கற்பிக்கக் கூடாது என்று உரிமம் தடுத்தது. லயன்ஸின் நூலை வெளிப்படையாக விற்க இயலவில்லை. படிக்க விரும்பியவர்கள் நகலெடுத்தனர்; நகலின் நகலை எடுத்தனர். எழுத்து மங்கிய தாள்களைக் கொண்டு ஒரு தலைமுறையே பயின்றது. 1996இல்தான் அந்நூல் முறையாக வெளியிடப்பட்டது. 1998இல் அவ்வாசிரியர் காலமானார்.

கதவு மூடப்பட்டதைக் கண்ட மற்றோர் ஆசிரியர், ஆம்ஸ்டர்டாமில் கற்பித்த ஆண்ட்ரூ டானன்பாம். மாணவர் படிப்பதற்கென்றே மினிக்ஸ் என்னும் புதிய இயங்குதளத்தைத் தாமே எழுதி, 1987இல் பாடநூலோடு வெளியிட்டார். பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் அந்நூலை வாங்கிப் படித்தார். அவர் பெயர் லினஸ் டோர்வால்ட்ஸ். தம் சொந்தக் கணினியில் தாமே ஓர் இயங்குதளம் எழுதிப் பார்க்கத் தொடங்கினார். 1991 ஆகஸ்டில் அதனைப் பிறருக்கு அறிவித்தபோது அவருக்கு வயது 21. செப்டம்பரில் வெளிவந்த முதல் வடிவம் ஏறத்தாழ 10,000 வரிகளே. அதுவே லினக்ஸ்.

அவர் செய்த மற்றொரு செயல் அதனினும் பெரிது. ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் 1983இல் குனூ என்னும் திட்டத்தை அறிவித்து, யாவரும் பயன்படுத்தவும் படிக்கவும் மாற்றவும் பகிரவும் உரிமையுள்ள நிரல்களை உருவாக்கி வந்தார். அவ்வுரிமையைக் காக்க ஓர் உரிமத்தையும் வகுத்திருந்தார். 1992இல் டோர்வால்ட்ஸ் லினக்ஸை அவ்வுரிமத்தின் கீழ்க் கொண்டுவந்தார். அதன்படி, யார் லினக்ஸை மாற்றி மற்றவருக்குக் கொடுத்தாலும் மாற்றிய மூல நிரலையும் கொடுக்க வேண்டும். திறந்த கதவை மீண்டும் பூட்ட முடியாதபடி செய்த பூட்டு அது.

லயன்ஸின் நூலும் மறையவில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 2002இல் தொடங்கிய ஒரு பாடத்தில் அதனையே வைத்துக் கற்பித்தனர். ஆறாம் பதிப்பு ஓடிய பழைய கணினி வகை வழக்கொழிந்ததால், அதே அமைப்பைப் பின்பற்றி 2006இல் இக்காலக் கணினிக்கு ஏற்றபடி புதிதாக எழுதினர். அதுவே நான் படித்த எக்ஸ்வி-6. அதன் பாடநூலும் இலவசமாகக் கிடைக்கிறது.

கற்கும் முறை

இதனைக் கற்க விரும்புவோருக்கு, நான் தட்டுத்தடுமாறிக் கண்ட வழியைச் சொல்கின்றேன்.

1. முதலில் வெளியே நின்று பாருங்கள். லினக்ஸில் பி.எஸ். -e என்னும் கட்டளை ஓடும் பணிகள் எல்லாவற்றையும் பட்டியலிடும். எண் 1 உடைய பணியைத் தேடுங்கள். ஆறாம் ஆண்டு மாணவர் இதனைச் செய்யலாம்.

2. எல்.என். என்னும் கட்டளையால் ஒரு கோப்புக்கு இரண்டாம் பெயர் வையுங்கள். பிறகு ஒரு பெயரை அழித்துவிட்டு, மற்றப் பெயரால் திறந்து பாருங்கள். மேலே சொன்னது மெய்யா என்பது தெரியும்.

3. இடைநிலைப்பள்ளிக்குச் சென்றதும் சி மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். யூனிக்ஸ், லினக்ஸ், எக்ஸ்வி-6 ஆகிய மூன்றின் பருப்பும் பெரும்பாலும் அம்மொழியிலேயே எழுதப்பட்டுள்ளன.

4. பிறகு எக்ஸ்வி-6ஐ எடுங்கள். ஒரு வேண்டுகோளை மட்டும் தேர்ந்து, அது ஓட்டில் தொடங்கிப் பருப்புக்குள் சென்று திரும்பும் வழியைப் பென்சிலால் குறியுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் படிக்க முயல வேண்டா.

5. மாற்றிப் பாருங்கள். எக்ஸ்வி-6இன் பதிவேட்டில் 64 பணிகளுக்கு இடமுண்டு. நான் அதனை 3 ஆக்கினேன். ஒற்றைக் கட்டளை ஓடியது. ஒன்றன் விளைவை மற்றொன்றுக்கு அனுப்புமாறு இரு கட்டளைகளை இணைத்துக் கொடுத்தபோது, புதிய சேய்க்கு இடமின்றி அது நிறைவேறாமல் திரும்பியது. நூறு முறை வாசித்தும் விளங்காதது அந்த ஒரு பிழையில் விளங்கியது.

விளங்கவில்லையே என்று சோர்ந்துவிடாதீர்கள். யூனிக்ஸ் ஆறாம் பதிப்பில், ஒரு பணியை விட்டு மற்றொரு பணிக்கு மாறும் இடத்தில், வாசிப்பவர் இதனைப் புரிந்துகொள்வார் என்று எதிர்பார்க்கவில்லை எனும் பொருள்படும் குறிப்பை அதனை எழுதியவர்களே எழுதி வைத்திருந்தனர். அவ்விடத்தையும் லயன்ஸ் தம் மாணவருக்கு விளக்க முற்பட்டார்.

பெற்றோருக்கு ஒரு சொல்

அன்றைய கூட்டத்தின் முடிவில் தாயார் ஒருவர் என்னிடம் வந்து, "இதெல்லாம் படிச்ச வீட்டுப் பிள்ளைங்களுக்குங்க ஐயா. எங்க பிள்ளைக்கு ஏதாவது வேலை கிடைச்சாப் போதும்" என்றார். அவர் கையில் ஆண்ட்ராய்டு கைப்பேசி இருந்தது. "அம்மா, உங்கள் கையில் இருக்கும் கைப்பேசிக்குள்ளும் லினக்ஸ் பருப்புத்தான் இருக்கிறது" என்றேன். அவர் கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அதே பருப்பே உலகின் மிகப் பெரிய கணினிகளிலும் ஓடுகிறது. 2017 நவம்பர் முதல், மிக வேகமான 500 கணினிகளின் பட்டியலில் உள்ள அனைத்தும் லினக்ஸைக் கொண்டவை. அப்பெரிய கணினிகளை நம்மால் வாங்க இயலாது. ஆனால் அவற்றுள் ஓடும் பருப்பின் மூல நிரலை, நம் பள்ளியின் பொருளறையில் கிடந்த பழைய கணினியில் ஒரு காசும் கொடுக்காமல் படிக்கலாம். நம் பிள்ளைகளுக்கு அதைப் படிக்கும் உரிமை முன்பே கிடைத்துவிட்டது. சொல்லிக் கொடுப்பார்தாம் வேண்டும்.

நம் முன்னோர் தம் பெயர் எழுதப்பட்ட ஏட்டை வாசிக்க இயலாமல், கிராணி சொன்ன கணக்கை நம்பி விரலொப்பம் வைத்தனர். பிள்ளைகளாவது ஏட்டைத் தாமே வாசிக்கட்டும் என்றுதான் தோட்டந்தோறும் பள்ளி கேட்டனர். இன்றைய ஏடு கணினிக்குள் இருக்கிறது. அதனை வாசிக்கக் கற்பது அவர்கள் தொடங்கிய வேலையின் தொடர்ச்சியே.

சென்ற விடுமுறையில் அம்மாணவன் பள்ளிக்கு வந்தான். நான் விடையைச் சொன்னேன். தாயையும் சேயையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாப் பணிக்கும் தாய் உண்டுன்னா, முதல் பணிக்கு யார் ஐயா தாய்?" என்றான். இம்முறை நான் அடுத்த வாரம் என்று சொல்லவில்லை. அதற்குத் தாய் இல்லை. பருப்பே அதனைத் தன் கையால் உருவாக்கி வைக்கிறது. அந்த வரிகளை எக்ஸ்வி-6இல் திறந்து காட்டினேன். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, என்னை மறந்து, வாசிக்கத் தொடங்கினான்.

பயிற்சி

1. நிரலுக்கும் பணிக்கும் உள்ள வேறுபாட்டை உன் வீட்டில் காணும் ஓர் எடுத்துக்காட்டால் விளக்குக.

2. ஒரு பணி தவறு செய்தால் பிற பணிகள் கெடாமல் காப்பது எது?

3. ஒரு கோப்பின் இரு பெயர்களுள் ஒன்றை அழித்தால் கோப்பு ஏன் அழிவதில்லை?

4. உன் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் செம்பனைப் பருப்பைப் பற்றிக் கேட்டு எழுது. பிறகு கணினியின் பருப்பைப் பற்றி அவருக்கு நீ விளக்கு.